பெட்டி ராயக்கோட்டைக்கு, சக்கரம் பர்கூருக்கு

ஓசூர், காலை ஆறரை

ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. இரவல் வாங்கிய டெம்போ வாசலுக்கு வந்து நின்றபோது ஆறரை ஆகிவிட்டது. வேலைக்குப் போகும் நாளில்கூடக் கண்ணாடி பார்க்காத என் வீட்டுக்காரர் அன்று மூன்றாவது முறையாகத் தலை வாரிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரி இன்னும் மாடியிலிருந்து இறங்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, அங்கிருந்து கிருஷ்ணகிரி, பிறகு பர்கூர் என்பது அன்றைய பயணத் திட்டம். மொத்தம் எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர் வரும். உலகம் சுற்றியவர்களுக்கு இது ஒரு பயணமே இல்லை. நான் பிறந்தது கிருஷ்ணகிரி, வாக்கப்பட்டது ஓசூர். இரண்டுக்கும் நடுவே ஓடும் பஸ்ஸின் ஜன்னலில் தெரிகிற அளவுதான் அதுவரை நான் பார்த்த உலகம். அதனால் இது எனக்குப் பயணம்தான்.

டெம்போவின் பின்னால் ஏற்றியிருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். முழு வண்டியாக இல்லை. கழற்றிப் போட்ட துண்டுகளாக இருந்தது. இரண்டு சக்கரம், முன் ஃபோர்க், பெட்ரோல் டேங்க், இரண்டு கார்புரேட்டர், சீட்டு, ஹெட்லைட், சைலன்சர், சாமான் வைக்கும் இரண்டு அலுமினியப் பெட்டி. இவையெல்லாம் விற்பதற்கு. கோணியில் சுற்றித் தனியாகக் கட்டி வைத்திருந்த, வண்டியின் எலும்புக்கூடு மாதிரியான சேஸிஸும் வெறும் இன்ஜின் கூடும் விற்பதற்கில்லை.

இந்த வண்டியில் மரியன் ஹாலந்து நாட்டிலிருந்து தனியாக வந்திருந்தாள். துருக்கி, ஈரான், பாகிஸ்தான் எல்லாம் தாண்டி வந்தவள், கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் சூளகிரி மேட்டில் இன்ஜின் உடைந்து நின்றுவிட்டாள். என் வீட்டுக்காரர் யூசுப் ஓசூரில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபிட்டர். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர், ரோட்டோரம் வண்டியோடு நின்றவளைப் பார்த்துப் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டார். அன்று மாலையே வண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது; அவள் எங்கள் வீட்டுச் சொந்தக்காரம்மாவின் மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள். சாப்பாடு எங்கள் வீட்டில். தெருவில் எல்லோரும் அவளை மரியம் என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

உடைந்த இன்ஜினுக்கு இங்கே பார்ட்ஸ் இல்லை. வண்டி நாட்டுக்குள் இருக்கக் கொடுத்த அனுமதியும் முடியப் போகிறது. முழு வண்டியாக இங்கே விற்றால் அது இறக்குமதி. அதற்கான வரி வண்டியின் விலையையே தாண்டும். பெங்களூர் சுங்க ஆபீஸுக்கு நடையாய் நடந்து கடைசியில் ஒரு வழி கிடைத்தது. நம்பர் அடித்திருக்கிற சேஸிஸும் இன்ஜின் கூடும் கப்பலில் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும். மற்றவற்றைப் பழைய பார்ட்ஸ் என்று கணக்குக் காட்டி, அதற்கு உண்டான வரியை மட்டும் கட்டிவிட்டு விற்றுக்கொள்ளலாம். அந்த நம்பர் வெளியே போகாவிட்டால், ஊரில் வீட்டை ஜாமீனாக எழுதிக் கொடுத்திருக்கிற அவளுடைய அப்பாவுக்குச் சிக்கல். இது எல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வீட்டுக்காரர் வேறு எதையும் பேசாமல் இதையே பேசிக்கொண்டிருந்தார்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் நேராக வண்டிக்குப் போவார். என்னிடம் டீ கேட்பதற்கு முன்னால் அவளிடம் ஸ்பேனர் கேட்பார். இருட்டும்வரை இரண்டு பேரும் குனிந்து எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார்கள். அவர் இங்கிலீஷ் பேசி நான் கேட்டதே கிடையாது. அவளோடு பேசும்போது சரளமாக வந்தது; சிரிப்பும் கூடவே வந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம், என்னோடு பேசி அவர் அப்படிச் சிரித்தது எனக்கு நினைவில்லை.

முந்தின நாள்தான் என்னிடம் சொன்னார்.

"நூரு, நாளைக்கு நீயும் வாயேன். நானும் அவங்களும் மட்டும் போனா ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்க."

"நான் வந்து என்னாங்க பண்றது? எனக்கு வேலை கெடக்குது" என்றேன்.

போகவேண்டும் என்று அதற்கு முன்பே முடிவு செய்து புடவையைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

மரியன் இறங்கி வந்தாள். முழங்கையில் மடித்துவிட்ட ஆம்பிளைச் சட்டை, வெளுத்துப்போன கால்சட்டை, கையில் ஒரு துணிப்பை. உலகம் முழுக்கச் சுற்றியவளின் மொத்தச் சாமானே அவ்வளவுதான். ஒரு நாள் பயணத்துக்கு நான் மூன்று பை கட்டியிருந்தேன்.

டெம்போவின் முன் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். அவர் ஸ்டியரிங் பக்கம். மரியன் கதவைத் திறந்து உள்ளே ஒரு காலை வைத்தாள். நான் அவள் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, முந்தி ஏறி நடுவில் உட்கார்ந்தேன்.

"அங்க கியர் இடிக்கும் நூரு" என்றார் அவர்.

"இடிக்கட்டும்" என்றேன். பர்கூர் போய்ச் சேரும்வரை இடித்தது.

உத்தனப்பள்ளி, ஏழரை

ஓசூரைத் தாண்டியதும் ராயக்கோட்டை ரோடு குறுகலாகி, இரண்டு பக்கமும் கேழ்வரகுக் கொல்லைகளும் தக்காளிக் கொல்லைகளுமாக விரிகிறது. நடுநடுவே மொட்டைப் பாறைகள். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் காதுக்குப் பின்னால் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவர் என் தலைக்கு மேலாக அவளிடம் ஏதோ கேட்பார். அவள் என் தலைக்கு மேலாகப் பதில் சொல்வாள். எனக்குப் பாதி புரிந்தது. ஈரானில் ரோடு எப்படி, இரவில் எங்கே தூங்கினாய், பனியில் சக்கரம் வழுக்காதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு கேள்விகூட ஓசூரைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ இல்லை.

உத்தனப்பள்ளியில் டீக்கு நிறுத்தினோம். டீ எண்பது காசு. கடைக்காரர் எங்களிடம் தெலுங்கில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறி, அடுப்படியில் இருந்த ஆளிடம் கன்னடத்தில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னார். சர்க்கரை கம்மி மரியனுக்கு. அதைச் சொன்னது என் வீட்டுக்காரர். எனக்கும் சர்க்கரை கம்மிதான் பிடிக்கும். எனக்கு வந்த டீ பாயசம் மாதிரி இருந்தது. அதையே குடித்து முடித்தேன்.

"பின்னாடி என்னாங்க, இரும்புக் கடைக்கா?" என்று டெம்போவை எட்டிப் பார்த்துக் கேட்டார் கடைக்காரர்.

"அது இரும்பு இல்லீங்க, ஃபாரின் வண்டி" என்றார் இவர். குரலில் ஏதோ சொந்தப் பிள்ளையைக் குறை சொல்லிவிட்ட மாதிரி ஒரு வருத்தம் இருந்தது. அப்போது அதை நான் அவளுக்காகப் பட்ட வருத்தம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ராயக்கோட்டை, எட்டரை

தக்காளி மண்டிக்குள் நுழைந்தபோது காலைச் சந்தை முடியும் நேரம். கூடைகளும் நசுங்கிய தக்காளியும் கிடந்த தரையில் கால் வைக்க இடமில்லை. பின்னால் கோட்டை மலை வெயிலில் நின்றது. மலைமேல் ஏறிப் பார்க்க வேண்டும் என்று மரியன் சொன்னாள். நேரமில்லை என்று இவர் சொன்னார். அவள் ஒன்றைக் கேட்டு இவர் இல்லை என்றது அன்று அந்த ஒரு முறைதான். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அலுமினியப் பெட்டிகளை வாங்க ஒத்துக்கொண்டிருந்தவர் ஒரு மண்டிக்காரர். வாரத்தில் பாதி நாள் தன் மோட்டார் சைக்கிளில் பெங்களூர் போய் வருகிறவர். சீட்டு, ஹெட்லைட், சைலன்சர் மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவர் பெட்டிகளைத் திறந்து மூடிப் பார்த்தார். உள்ளே தலையை விட்டு முகர்ந்தும் பார்த்தார்.

"தண்ணி போவாதுங்களா?"

"ஆத்துல போட்டாலும் போவாதுங்க" என்றார் இவர்.

பெட்டியின் மேலே ஊர் ஊராக ஒட்டிய படங்கள் இருந்தன. ஒரு மசூதி, ஒரு பனிமலை, ஒட்டகம், புரியாத எழுத்துகள். பேரம் முடிந்ததும் மரியன் ஒரு சின்னக் கத்தியை எடுத்து அவற்றைச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தாள்.

மண்டிக்காரர் பதறிவிட்டார். "ஐயோ, அதை எடுக்காதீங்க மேடம்! அது இருந்தாத்தானே ஃபாரின் பொட்டின்னு நாலு பேருக்குத் தெரியும்!"

இவர் அதை மொழிபெயர்த்தார். மரியன் தலையை ஆட்டினாள். அந்த ஊர்களுக்கு அவர் போகவில்லையே, போனவள் நான் அல்லவா என்று அவள் சொன்னதாக இவர் சொன்னார். மண்டிக்காரர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அவள் கத்தியால் நெம்ப, இவர் நகத்தால் உரிக்க, இரண்டு பேரும் ஒரே படத்தின் இரண்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த பழைய காலண்டர் அட்டையைக் கிழித்து எடுங்கள் என்று நான் ரம்ஜானிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் போய் இரண்டாவது பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, ஒட்டகப் படத்தை ஒரே இழுப்பாக இழுத்தேன். பாதி கிழிந்து கையோடு வந்தது. மரியன் என்னைப் பார்த்துச் சிரித்து, "நல்லா இருக்கு" என்றாள். அவளுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. எதற்கு வேண்டுமானாலும் சொல்வாள். கிழிந்த பாதியை என்னிடமிருந்து வாங்கி, பெட்டியிலிருந்த பாதியையும் எடுத்துச் சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு அன்று எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

கிருஷ்ணகிரி, பதினோரு மணி

ராயக்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரி முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஊர் நெருங்க நெருங்க மாந்தோப்புகள். மே மாதத்தில் இந்த ரோட்டில் வருகிறவர்கள் மாம்பழம் வாங்காமல் போனால் அது பயணமே இல்லை. தோப்பு வாசலில் குவித்து வைத்திருந்த மல்கோவாவில் நான்கு வாங்கினோம்.

என் ஊர் இது. இந்த ஊரில் நான் விருந்தாளி அல்ல. வழக்கமாக நான்தான் மாம்பழம் பொறுக்குவேன், நான்தான் விலை பேசுவேன். அன்று இவர் பேசினார், பொறுக்கினார், கத்தி வாங்கி அறுத்தார். முதல் துண்டை மரியனிடம் நீட்டினார். இரண்டாவது துண்டு எனக்கு. மூன்றாவது அவருக்கு. முதல் துண்டு விருந்தாளிக்கு என்பது நம் வழக்கம்தான். எனக்கும் அது தெரியும். தெரிந்ததால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

மரியன் சாறு முழங்கை வரைக்கும் வழியச் சாப்பிட்டாள். ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் திரும்பிப் பார்த்தது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, துளி சிந்தாமல் சாப்பிட்டேன்.

அங்கே வைத்து அவள் என்னிடம் நேராக ஏதோ கேட்டாள். இவர் சொன்னார்: "பர்கூர் எப்படி இருக்கும்னு உன்னக் கேக்கறாங்க."

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. நான் போனதில்லை. போவதற்கு ஒரு காரணம் வந்ததில்லை. அவளோ, இங்கேயே பிறந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்து என்னைக் கேட்கிறாள்.

"சூடா இருக்கும்னு சொல்லுங்க" என்றேன்.

பர்கூர், மதியம்

சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையிலிருந்து விலகி, மண் பாதையில் கொஞ்ச தூரம் போனால் குவாரி. மலையை ஒரு பக்கம் கேக் மாதிரி வெட்டி வைத்திருந்தார்கள். வெட்டிய இடம் பளபளவென்று கறுப்பு. வீட்டு அறை அளவு கற்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் எண். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இயந்திரம் எதுவும் ஓடவில்லை. ஒரே ஒரு லாரி மட்டும் கல்லோடு நின்றது. மூன்று மணிக்குச் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பும் லாரி அது. மரியனும், சேஸிஸை வைத்து அங்கேயே செய்யப்போகும் மரப்பெட்டியும் அதில் போய்விடுவது என்று ஏற்பாடு.

குவாரி முதலாளி கிருஷ்ணப்பாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதன்மேல் கல் தூசி. இதே ரக வண்டி ஒன்று, மிகப் பழையது, அவரிடம் ஓடாமல் கிடந்தது. அதற்காகத்தான் சக்கரம், ஃபோர்க், டேங்க், கார்புரேட்டர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். எங்களை ஷெட்டுக்குள் உட்கார வைத்து மோர் கொடுத்தார். மரியனை, கல்லைப் பார்க்கட்டும் என்று மேஸ்திரியோடு அனுப்பி வைத்தார். பிறகு எங்களோடு டெம்போவுக்கு வந்து, கோணியை விலக்கிச் சேஸிஸைப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார். ஒரு குழாயின் மேல் கையை வைத்து, குதிரையைத் தடவுகிற மாதிரித் தடவினார்.

"யூசுப்பு, இதையும் வுட்டுட்டுப் போயேன்."

"அது முடியாதுங்க. நம்பர் இருக்குது. கப்பல்ல போகணும்."

"நம்பர் தானப்பா போவணும்? என் பழைய வண்டி சேஸிஸு ஒண்ணு அங்க துருப் புடிச்சுக் கீது, அதோட இன்ஜின் கூடும் கீது. அதுல இருக்கற நம்பர தேச்சுட்டு இந்த நம்பர அடிச்சு அனுப்பு. உன்கிட்ட நம்பர் அடிக்கற இரும்பு பஞ்சு இருக்குதில்ல? கம்பெனில டூல் ரூம்தானே நீ?"

இவர் குனிந்து சேஸிஸில் அடித்திருந்த நம்பரை விரலால் தடவினார்.

"அந்தம்மாவுக்கும் நட்டமில்ல, கவர்மெண்டுக்கும் கணக்குச் சரி. இங்க இதை முழுசாக் கட்டிப்புடலாம். கட்டறது நீ. உடைஞ்சதுக்குப் பார்ட்ஸ் நான் வரவழைக்கறேன். என்னால இந்த வயசுல இதை எங்க ஓட்ட முடியும்? குவாரி ரோட்டுல நீதான் ஓட்டுவ. ஞாயித்துக்கெழம ஆனா வந்துடு. உன் வண்டி மாதிரி வச்சுக்கோ."

அப்போது நான் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்று மணவறையில் பார்த்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு அது அமைதியாக, நல்ல பிள்ளையாக இருந்தது. இப்போது இருந்தது வேறு முகம். உதடு காய்ந்து, கண் சேஸிஸைவிட்டு நகராமல், எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றார். மரியன் கல்லுக் குவியலுக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்தாள். அவர் அந்தத் திசையில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இத்தனை நாளும் நான் தவறான ஆளைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. கேட்ட கேள்வி, வந்த சிரிப்பு, சீவிய தலை எல்லாமே இந்த இரும்புக்கு. அவள் இதன்மேல் ஏறி வந்தவள், அவ்வளவுதான். அவள் போய்விட்டாலும் இது இங்கே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் பர்கூருக்கு வருவார். நான் ஓசூரில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவர் வரும் பஸ்ஸை எண்ணிக்கொண்டிருப்பேன்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றார் இவர். அவர் யோசித்து முடித்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

நான் முந்தானையைச் செருகிக்கொண்டு டெம்போவின் பின்னால் ஏறினேன். கோணியை இழுத்துச் சேஸிஸை மூடினேன். அதன்மேல் உட்கார்ந்தேன்.

"ஏ நூரு, என்ன பண்ற? எறங்கு."

"மாட்டேன்."

"பெரியவங்க முன்னாடி என்ன இது? எறங்குன்னா எறங்கு."

"இது போகணும். இதே நம்பரோட, இதே சேஸிஸு போகணும். கூடும் போகணும். பொட்டியில வச்சு ஆணி அடிச்சு, லாரியில ஏத்தற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்."

"உனக்கு என்ன தெரியும் இதுல?"

"பஞ்சு அடிச்சு மாட்டினா உங்க வேலை போவும்னு தெரியும். துறைமுகத்துல கண்டுபுடிச்சாங்கன்னா அவளை வுட மாட்டாங்க, திரும்ப நம்ம வீட்டுக்குத்தான் வருவான்னும் தெரியும்."

கிருஷ்ணப்பா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று மணி லாரி அவருடையது. அவர் முகம் சுருங்கினால் அது மரியனை ஏற்றாமலே போய்விடும். கோணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் இரும்பு கோணியையும் மீறித் தொடையைச் சுட்டது.

சத்தம் கேட்டு மரியன் ஓடி வந்தாள். என்ன நடக்கிறது என்று கேட்டாள். இவர் தலைகுனிந்து நின்றார். அவரால் பொய் சொல்ல முடியாது. அந்த ஒரு குணத்துக்காகத்தான் எங்கள் அத்தா என்னை அவருக்குக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக, திக்கித் திக்கி, இங்கிலீஷில் அத்தனையையும் சொன்னார். தான் யோசித்ததையும் சொன்னார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மரியனின் முகம் வெளுத்தது.

அவள் டெம்போவில் ஏறினாள். என் பக்கத்தில், சேஸிஸின் மறு முனையில் உட்கார்ந்தாள். என் தோளில் கையைப் போட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அழுதாள். அவள் சட்டையில் கிரீஸ் வாசனையும் மல்கோவா வாசனையும் அடித்தது. அவளுக்காக நான் செய்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

கிருஷ்ணப்பா கடைசியில் சிரித்துவிட்டார்.

"யூசுப்பு, உங்க வீட்டம்மாவ வெட்டணும்னா என் மிஷினு பத்தாது. டேய், பலகையும் ஆணியும் எடுத்தாங்கடா!"

பெட்டி செய்து ஆணி அடித்து, லாரியில் இரண்டு கற்களுக்கு நடுவே ஏற்றிக் கயிறு கட்டும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். சக்கரங்களும் மற்றவையும் ஷெட்டுக்குள் போயின. கிருஷ்ணப்பா பேசிய விலையில் பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

மூன்று மணி லாரி, பெட்டி செய்த தாமதத்தில் நாலு மணி ஆகும்போதுதான் கிளம்பியது. மரியன் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். இவரிடம் கை கொடுத்து, ஏதோ சுருக்கமாகச் சொன்னாள். என்னிடம் குனிந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். குவாரி ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் "பத்திரமாப் போ" என்றேன். அது மனசாரச் சொன்னதுதான். போ என்பதில் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் இருந்திருக்கலாம்.

பர்கூருக்கு அப்பால், நாலு மணி

டெம்போவில் இப்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் ஜன்னல் ஓரம் நகர்ந்து உட்கார்ந்தேன். கிருஷ்ணப்பாவிடம் சொல்லிக்கொண்டு, மண் பாதை நெடுஞ்சாலையைத் தொடும் இடத்துக்கு வந்ததும் இவர் வண்டியை நிறுத்தினார். திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவங்க மேல உனக்கு இவ்ளோ பாசம் இருக்கும்னு நான் நெனைக்கல" என்றார்.

"பாசமா? அவ போகணும், அவ வண்டியும் போகணும். அதுக்காகத்தான் உக்காந்தேன்."

திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிய நேரமாயிற்று.

"வண்டி மேலயா உனக்குப் பொறாமை?"

"முதல்ல அவ மேல. அப்புறம் வண்டி மேல." கொஞ்சம் யோசித்துவிட்டு மீதியையும் சொன்னேன். "இப்ப திரும்பவும் அவ மேல. வேற விஷயத்துக்கு."

என்ன விஷயம் என்று அவர் கேட்கவில்லை. கோபமாக இருந்தார். அந்தக் கோபம் தீர அப்புறம் பல வாரம் பிடித்தது. ஆனால் டூல் ரூமிலிருந்து பஞ்சு எடுத்து வந்திருப்பேனோ என்று அவருக்கே அவர்மேல் ஒரு பயம் இருந்தது. அது அவர் முகத்தில் தெரிந்தது.

இடது பக்கம் கிருஷ்ணகிரி, ஓசூர், வீடு. வலது பக்கம் சென்னை ரோடு. லாரி போன தூசி இன்னும் அடங்கவில்லை.

"அந்தப் பக்கம் அடுத்து என்னாங்க ஊரு?"

"நாட்றம்பள்ளி. அப்புறம் வாணியம்பாடி."

"எவ்ளோ தூரம்?"

"வாணியம்பாடியா? முப்பது, முப்பத்தஞ்சு கிலோமீட்டர் வரும். ஏன்?"

"போங்க."

"எதுக்கு? அங்க யாரு இருக்காங்க நமக்கு?"

"யாரும் இல்ல. போங்க."

அவர் வலது பக்கம் திருப்பினார்.

இரண்டு பக்கமும் புளிய மரம். வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் ரோடு வெகுதூரம் வரை தெளிவாகத் தெரிந்தது. நாட்றம்பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் லாரியைப் பிடித்துவிட்டோம். கல் பாரத்தோடு அது மேட்டில் முனகிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. இவர் பின்னாலேயே மெதுவாக ஓட்டினார்.

"முந்துங்க" என்றேன்.

ஹாரன் அடித்து முந்தினார். பக்கத்தில் போகும்போது நிமிர்ந்து பார்த்தேன். மரியன் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் வாயைப் பிளந்து, பிறகு கையை முழுதாக வெளியே நீட்டி ஆட்டினாள். நான் ஆட்டவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். அதற்குப் பிறகு வாணியம்பாடிவரை அவளுக்கு முன்னால் நான் போனேன். அவளுக்கு முன்னால் அந்த ரோட்டைப் பார்த்தது நான்.

வாணியம்பாடி, ஐந்தரை

ஊர் எல்லையில் ரோட்டோரக் கடையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். இரண்டு பிரியாணி, இரண்டு டீ. டீ இங்கே ஒரு ரூபாய், பால் தண்ணீராக இருந்தது. வெயில் ஓசூரைவிட எவ்வளவோ அதிகம். காற்றில் தோல் பதனிடும் வாடை. ஆனால் பிரியாணி, கிருஷ்ணகிரியில் நான் சாப்பிட்ட எந்தக் கல்யாணப் பிரியாணியையும்விட நன்றாக இருந்தது. கடைக்காரர் சர்க்கரை எப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே இவர், "அவங்களுக்குக் கம்மியாப் போடுங்க" என்றார். அதற்காக நான் அவரை மன்னித்துவிடவில்லை. ஆனால் காதில் விழுந்தது.

டீ பாதி குடித்திருந்தபோது லாரி வந்தது. நிற்கவில்லை. மரியன் எங்களைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. அவள் அந்தப் பக்கம் ஏதோ கோபுரத்தையோ மலையையோ பார்த்துக்கொண்டிருந்தாள். லாரியின் பின்னால் இரண்டு கறுப்புக் கல்லும் நடுவே மரப்பெட்டியும். கொஞ்ச நேரம் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு ரோடு வளைந்துவிட்டது. இவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்த காரணம் வேறு.

அந்த வளைவுக்கு அப்பால் ஆம்பூர் என்று கடைக்காரர் சொன்னார். அப்புறம் வேலூர், அப்புறம் காஞ்சிபுரம் போகும் பிரிவு, அப்புறம் கடல். அவள் அன்று இரவே அத்தனையையும் கடந்துவிடுவாள்.

டெம்போவை இருட்டுவதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏற்கனவே நேரம் தப்பிவிட்டது. இவர் வண்டியைத் திருப்பி, ஓசூர் பக்கமாக நிறுத்தி, நான் ஏறுவதற்காகக் கதவைத் திறந்து விட்டார்.

"எப்படி இருந்துச்சு உன் வாணியம்பாடி?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார்.

"இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம்" என்றேன்.